மும்பை வானில் முதிய ஹெலிகாப்டர்கள்: ஓசையை மறவாத விமானிகள், முடிவுக்கு வராத கேள்விகள்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி:

மும்பையின் தென்கோடியில், கொலாபா கடலோரத்தில் உள்ள ஐ.என்.எஸ். ஷிக்ரா தளத்திலிருந்து மேலெழும்புவது சீ கிங்கா, சேட்டக்கா, காமோவா என்பதை அண்ணாந்து பார்க்காமலேயே சொல்லிவிடக் கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஹெலிகாப்டர்களை ஓட்டிய விமானிகளும், அவற்றைப் பழுதுபார்த்த தொழில்நுட்ப வீரர்களும்தான் அவர்கள். ஓய்வு பெற்று ஆண்டுகள் பலவானாலும், படைப்பிரிவுகளின் ஒன்றுகூடல்களில் பேச்சு எங்கு தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்பது ஓசையில்தான். பழைய நண்பனின் குரலைத் தொலைபேசியில் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்வதைப்போல, எந்திரத்தின் குரலை அவர்கள் அடையாளம் காண்கின்றனர்.

சிக்கல் என்னவெனில், அந்தப் பிரியத்துக்குரிய குரல் அரை நூற்றாண்டைக் கடந்த வடிவமைப்பின் குரல். பிரிவு உபசார மேடைகளில் "நீண்ட சேவை" என்று போற்றப்படும் முதுமை, நாடாளுமன்றத்துக்கு வரும்போது "விபத்து", "விசாரணை", "மாற்று ஏற்பாடு பரிசீலனையில் உள்ளது" என்ற சொற்களுக்கு மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே எந்திரத்தைப் பற்றிய பேச்சு என்பது அவையில் அமர்ந்து கேட்பவர்களுக்கு எளிதில் தோன்றுவதில்லை.

ஓசையின் கணக்கு: சேட்டக் ஹெலிகாப்டருக்கு ஒரே என்ஜின். பிரான்ஸின் ஆர்டூஸ்ட் வகையைச் சேர்ந்த அந்த என்ஜின் நிமிடத்துக்கு 33,500 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடுகிறது. விமானி மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் அந்தச் சுருதி மாறுவதில்லை. முதலில் கூர்மையான ஊளை. சற்றுப் பொறுத்து இறக்கைகள் சுழலத் தொடங்கும் "சடசட" சத்தம். இந்த வரிசையே சேட்டக்கின் முகவரி என்பார்கள் அதை ஓட்டியவர்கள்.

சீ கிங்கின் கதை வேறு. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின்கள், ஐந்து இறக்கைகள், படகு போன்ற அடிப்பாகம், 9 டன்னுக்கும் அதிகமான எடை. சேட்டக்கின் மூன்று இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 350 முறை சுற்றுகின்றன. சீ கிங்கின் ஐந்து இறக்கைகள் சுமார் 210 முறை சுற்றுகின்றன. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் காற்றை அறைவது வினாடிக்கு ஏறத்தாழ 17 முறைதான். ஆயினும் ஒன்றைப்போல மற்றொன்று ஒலிப்பதில்லை. காரணம், சேட்டக்கின் சுழல்வட்டம் 11 மீட்டர். சீ கிங்கின் வட்டமோ ஏறக்குறைய 19 மீட்டர். பெரிய முரசும் சிறிய பறையும் ஒரே தாளத்தில் அடிக்கப்பட்டாலும் வேறு வேறாகக் கேட்பதற்கு ஒப்பானது இது. வால் விசிறியின் ரீங்காரமும் கியர் பெட்டியின் முனகலும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஒன்றன் மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை இறக்கைத் தொகுதி கொண்ட ரஷியாவின் காமோவுக்கு வால் விசிறியே கிடையாது. ஆகவே அதன் ஓசையில் அந்த ரீங்காரம் இல்லை.

உலகம் முழுவதும் திரைப்படங்களின் வழியே பழகிப்போன ஹெலிகாப்டர் சத்தம் அமெரிக்காவின் "ஹியூயி"யினுடையது. வியத்நாம் போரின் அடையாளமாகிவிட்ட அதற்கு இரண்டே இறக்கைகள். வினாடிக்கு 11 அடிக்கும் குறைவு என்பதால், ஒவ்வோர் அடியும் காதில் தனித்தனியே விழுகிறது. ஓர் இறக்கையின் நுனி கிளப்பிவிடும் சுழல்காற்றை அடுத்த இறக்கை வெட்டிக்கொண்டு செல்லும்போது எழும் அறைச்சத்தம் அது. ஹெலிகாப்டர் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே அது காதுக்கு எட்டிவிடும். இதே இரட்டை இறக்கை அமைப்புடைய பெல்-212 ரக ஹெலிகாப்டர்களைத்தான் இலங்கை விமானப் படை 1980-களில் வடக்கே பயன்படுத்தியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். அதைப் பற்றிப் பின்னர்.

காதும் ஒரு கருவி: விமானிகள் ஓசையைப் பற்றிப் பேசுவதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. பழைய ஹெலிகாப்டர்களில் காது ஒரு பாதுகாப்புக் கருவி. கியர் பெட்டியின் முனகல் சற்றே தடித்தாலும், அதிர்வு இருக்கையின் வழியே வேறு விதமாக ஏறினாலும், அளவுமானிகள் காட்டுவதற்கு முன் அனுபவசாலியின் உடல் அதை உணர்ந்துவிடும். சீ கிங் விமானிகளுக்கு இது மேலும் முக்கியம். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியைக் கடலுக்குள் இறக்கிவிட்டு, அமாவாசை இருட்டில் அலைகளுக்கு மேல் சில பத்து அடி உயரத்தில் அசையாமல் நின்றாக வேண்டிய பணி அவர்களுடையது. கீழே தண்ணீர், சுற்றிலும் இருள்; நம்புவதற்குக் கருவிகளும் காதும் மட்டுமே.

காதை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதை உலகம் 1986-இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே எண்ணெய்க் கிணற்றுப் பணியாளர்களுடன் திரும்பிக்கொண்டிருந்த சினூக் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 45 பேர் உயிரிழந்தனர். முன்புறக் கியர் அமைப்பில் ஏற்பட்ட முறிவே காரணம். அதன் பிறகுதான் கியர் பெட்டியின் அதிர்வைத் தொடர்ந்து பதிவு செய்து, பழுது முற்றுவதற்கு முன் எச்சரிக்கும் கருவிகள் வட கடல் ஹெலிகாப்டர்களில் பொருத்தப்பட்டன. நமது சேட்டக்கும், அதன் உடன்பிறப்பான சீட்டாவும் இந்தத் தலைமுறைக்கு முற்பட்டவை. தானியங்கி விமானக் கட்டுப்பாடு, வானிலை ராடார், தரையை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி ஆகியவை இல்லாமலேயே அவை வடிவமைக்கப்பட்டன.

குதிரையின் பெயர்: சேட்டக்கைத் தயாரிப்பதற்கான உரிமம் பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து 1962-இல் பெறப்பட்டது. பெங்களூரில் உள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் (எச்ஏஎல்) உருவான முதல் சேட்டக் 1965-இல் பறந்தது. ராணா பிரதாப்பின் குதிரைக்குரிய பெயர் அது. ஹல்திகாட்டிப் போரில் காயமுற்று மாண்டதாகச் சொல்லப்படும் அந்தக் குதிரைக்கு ஒரே போருடன் ஓய்வு கிடைத்துவிட்டது. ஹெலிகாப்டருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி, ஹைதராபாத் அருகே ஹகிம்பேட்டை விமானப் படைத் தளத்தில் சேட்டக்கின் 60 ஆண்டு சேவையைக் கொண்டாடும் மாநாடு நடைபெற்றது. பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் பங்கேற்றார். முப்படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் அதை ஓட்டிய மூத்தவர்கள் ஒன்றுகூடினர். ஒரு ஹெலிகாப்டருக்கு மணிவிழா எடுப்பது நெகிழ்ச்சியான நிகழ்ச்சிதான். ஆனால், மணிவிழா கண்டவர் மறுநாள் காலையில் பனிமலை ஏற அனுப்பப்படுவதில்லை என்ற எண்ணமும் கூடவே எழுகிறது.

அதே உணர்ச்சியை 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டீகரில் காண முடிந்தது. 1963-இல் அங்குதான் மிக்-21 போர் விமானம் படையில் சேர்ந்தது. அங்கேயே அதற்கு விடை கொடுக்கப்பட்டது. விமானப் படைத் தலைமைத் தளபதி ஏ.பி. சிங் தாமே அதை ஓட்டிச் சென்றார். 62 ஆண்டுகளில் அதை ஓட்டிய தலைமுறைகள் பல. இதே விமானத்துக்குத்தான் "பறக்கும் சவப்பெட்டி" என்ற பெயரும் வழங்கியது. மிக் ரக விமானங்கள் 872-இல் 482 விபத்துக்குள்ளாகியுள்ளன என்றும், 171 விமானிகளும் பொதுமக்கள் 39 பேரும் அவற்றில் உயிரிழந்துள்ளனர் என்றும் அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே. அந்தோணி 2012 மே மாதம் மாநிலங்களவையில் எழுத்து மூலம் அளித்த பதிலில் தெரிவித்திருந்தார். அந்தப் பதில் அளிக்கப்பட்ட பிறகும் மிக்-21 மேலும் 13 ஆண்டுகள் பறந்தது.

சீ கிங்கும் பொருளாதாரத் தடையும்: மும்பைக்காரர்களுக்கு மிக்-21-ஐ விடப் பரிச்சயமானது சீ கிங்தான். 1971 ஏப்ரலில், வங்கதேசப் போருக்குச் சில மாதங்கள் முன்னர், சீ கிங் படைப்பிரிவு கொச்சியில் தொடங்கப்பட்டது. 1980-களின் இறுதியில் மேம்பட்ட 42-பி ரகம் வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி கடற்படை தினத்தையொட்டி கேட்வே ஆஃப் இந்தியா கடல்முனையில் நடைபெறும் சாகச நிகழ்ச்சிகளைக் காணத் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குழந்தைகளைத் தோளில் சுமந்து சென்ற தமிழர்கள் ஏராளம். தலைக்கு மேல் தாழ்வாகக் கடந்து செல்லும் அந்தப் பேரோசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வதும் சிரிப்பதும் அந்த விழாவின் பகுதி.

அந்த ஹெலிகாப்டர் ஒரு காலத்தில் பறக்க முடியாமல் தரையில் நின்றதற்குக் காரணம் முதுமை மட்டுமல்ல, அரசியலும்தான். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தப்பட்டதும் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. சீ கிங்கைத் தயாரித்தது பிரிட்டன் நிறுவனம் என்றாலும் அதன் மூல வடிவமைப்பு அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்துடையது. உதிரி பாகங்கள் நின்றுபோயின. பழுதுபார்க்க அனுப்பப்பட்ட பாகங்களும் திரும்பி வருவது தடைபட்டது. ஒரு ஹெலிகாப்டரிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்றொன்றைப் பறக்க வைக்கும் நிலை ஏற்பட்டால், பறப்பவற்றின் எண்ணிக்கை மாதந்தோறும் சுருங்கிக்கொண்டே போகும். பொக்ரானைப் பற்றி அவையில் மணிக்கணக்கில் பேசப்பட்டது. கொச்சியிலும் மும்பையிலும் நின்றுபோன இறக்கைகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கனடா தனது சீ கிங்குகளுக்கு 55 ஆண்டுகளுக்குப் பின்னர் 2018-இல் விடை கொடுத்தது. பிரிட்டன் கடற்படையும் அதே ஆண்டில் அவற்றைக் கைவிட்டது. ஜலஷ்வா கப்பலுடன் 2007-இல் அமெரிக்காவிடமிருந்து பழையனவாக வாங்கப்பட்ட யுஎச்-3எச் ஹெலிகாப்டர்கள் 17 ஆண்டு சேவைக்குப் பின் 2024 ஜூனில் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றன. சீ கிங்கின் இடத்துக்கு அமெரிக்காவின் எம்எச்-60ஆர் ரக ஹெலிகாப்டர்கள் 24 வாங்க 2020-இல் ஒப்பந்தமானது. முதல் படைப்பிரிவு 2024 மார்ச் மாதம் கொச்சியில் தொடங்கப்பட்டது. தடை விதித்த நாட்டிடமே மாற்றையும் வாங்கியிருக்கிறோம் என்பதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் மறந்துவிடவும் வேண்டியதில்லை.

கீழே இருப்பவர்கள் கேட்பது: மேலே இருப்பவர் கேட்கும் ஓசையும் கீழே நிற்பவர் கேட்கும் ஓசையும் ஒன்றல்ல. 2008 நவம்பர் 28-ஆம் தேதி காலையில் கொலாபா நரிமன் இல்லத்தின் மொட்டை மாடியில் தேசியப் பாதுகாப்புப் படையினரை மி-17 ஹெலிகாப்டர் இறக்கிவிட்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அன்று அந்தக் குறுகிய தெருக்களில் எதிரொலித்த இரைச்சலை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 மே 17-ஆம் தேதி டவ்தே புயலில் பி-305 என்ற மிதவைக் கப்பல் மும்பைக் கடலில் மூழ்கியபோது, அதிலிருந்த 261 பேரில் 186 பேர் மீட்கப்பட்டனர். போர்க்கப்பல்களுடன் கடற்படை ஹெலிகாப்டர்களும் தேடுதலில் இறங்கின. அலைகளில் மணிக்கணக்கில் மிதந்தவர்களுக்கு இறக்கைச் சத்தம் என்னவாகக் கேட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரவருணி கரைபுரண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஊரில் உள்ள பெற்றோருடன் பேச முடியாமல் தவித்த குடும்பங்கள் மும்பையில் பல. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். சாலை இல்லை, மின்சாரம் இல்லை. உணவுப் பொட்டலத்துடன் வந்தது ஹெலிகாப்டர்தான்.

இன்னொரு தமிழ் மண்ணில் அதே ஓசைக்குப் பொருள் வேறு. யாழ்ப்பாணத்தில் "ஹெலி" என்ற சொல்லே பதுங்கு குழிக்கு ஓடுவதற்கான எச்சரிக்கை. பெல்-212-இன் அறைச்சத்தம் தொலைவில் கேட்டதும் பாடசாலைகள் கலைந்தன. 1987 ஜூன் 4-ஆம் தேதி இந்தியாவின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் பாதுகாப்புடன் பெங்களூரிலிருந்து சென்று யாழ்ப்பாணத்தின் மீது நிவாரணப் பொருள்களைப் போட்டபோது, அதே மக்கள் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தனர். நான்கே மாதங்களில் நிலைமை தலைகீழானது. அக்டோபர் 11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய மி-8 ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கின. சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டனர், ஒருவர் பிடிபட்டார். குண்டடிபட்ட ஹெலிகாப்டர்களைத் திருப்பிக் கொண்டுவந்த விமானிகளின் துணிச்சல் படை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அந்த இரவின் ஓசையைக் கீழிருந்து கேட்டவர்களின் நினைவு எந்தப் படைப்பிரிவின் வரலாற்றிலும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் உணவு போட்ட அதே ஏஎன்-32 ரக விமானம் ஒன்று 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்டு, வங்கக் கடலின் மேல் காணாமற்போனது. சென்னைக் கடற்கரையிலிருந்து 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடப்பதைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி படம்பிடித்ததாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழரை ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.

காட்கோபரில் விழுந்தது: பழைய விமானங்களைப் பற்றிய கவலை படைவீரர்களின் குடும்பங்களோடு நிற்பதில்லை. 2018 ஜூன் 28-ஆம் தேதி ஜுஹு விமானத் தளத்திலிருந்து சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்ட கிங் ஏர் சி-90 ரகச் சிறு விமானம், செம்பூரை அடுத்த காட்கோபரில் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த நால்வரும், தெருவில் சென்ற ஒருவரும் மாண்டனர். முன்பு உத்தரப் பிரதேச அரசுக்குச் சொந்தமாக இருந்து, விபத்துக்குள்ளான பின் தனியாருக்கு விற்கப்பட்டு, பல ஆண்டுகள் பழுதுபார்க்கப்பட்ட விமானம் அது. அது படை விமானம் அல்ல. எனினும், மாட்டுங்காவின் பழைய அடுக்குமாடிகள், தாராவியின் நெருக்கமான கூரைகள், செம்பூரை ஒட்டிய சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, டிராம்பே அணுசக்தி ஆய்வு மையம் ஆகியவற்றை வரைபடத்தில் ஒருமுறை பார்த்தால், இந்நகரின் மேல் பறக்கும் எதன் வயதும் பராமரிப்பும் கீழே வசிப்பவர்களின் விஷயம் என்பது விளங்கும்.

மனிதத் தவறு: எல்லாப் பழியையும் முதுமையின் மேல் போடுவதும் சரியல்ல. 2023 மார்ச் 8-ஆம் தேதி மும்பைக் கடலில் இறங்க நேரிட்ட கடற்படை ஹெலிகாப்டர், உள்நாட்டில் உருவான துருவ் ரகம், மூவரும் மீட்கப்பட்டனர். 2025 ஜனவரி 5-ஆம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் துருவ் விழுந்து மூவர் உயிரிழந்ததும், அந்த ரக ஹெலிகாப்டர்கள் அனைத்தும் பறப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டன் செல்லும் வழியில் குன்னூர் அருகே மேகமூட்டத்தில் மலையில் மோதிய மி-17வி5 ரகமும் ஒப்பீட்டளவில் புதியதே. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்ட 14 பேரை அது பலிகொண்டது. தேயிலைத் தோட்டத்து மக்கள் முதலில் கேட்டது தாழப் பறக்கும் ஓசையை. அடுத்த கணம் மரங்கள் முறியும் ஓசையை.

அந்த விபத்து பற்றி 2024 டிசம்பரில் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்ட பாதுகாப்புத் துறை நிலைக்குழு அறிக்கையின் இணைப்பில் இடம்பெற்ற காரணம் "விமானக் குழுவினரின் மனிதத் தவறு" என்பது மட்டுமே. 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப் படையில் நேர்ந்த 34 விபத்துகளின் பட்டியலில் அதுவும் ஒரு வரி. மனிதத் தவறு என்ற சொல் பல நேரங்களில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அதை எழுதிய பிறகு அடுத்த கேள்வி எழுவதில்லை என்பதுதான் அதன் வசதி. மாண்டவர் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

அவை நடைமுறையும் இதற்குத் துணைபோகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்குத்தான் அமைச்சர் எழுந்து பதிலளிக்க வேண்டும். துணைக் கேள்விகளும் உண்டு. நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்குப் பதில் அவையின் மேஜையில் வைக்கப்படுவதுடன் முடிந்துவிடும். விபத்துக் கணக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில்தான் வெளிவருகின்றன. ராணுவ விசாரணை அறிக்கைகள் முழுமையாக அவையில் வைக்கப்படுவதில்லை. எண்ணிக்கை கிடைக்கும், ஏன் என்பது கிடைக்காது.

அவையில் கிடைக்காதது ஒருமுறை நீதிமன்றத்தில் கிடைத்தது. 2005 ஜனவரியில் மிக்-21 விபத்தில் காயமடைந்து போர் விமானம் ஓட்டும் தகுதியை இழந்த விங் கமாண்டர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவருக்கு ரூ.55 லட்சம் இழப்பீடு வழங்குமாறு மத்திய அரசுக்கும் எச்ஏஎல் நிறுவனத்துக்கும் தில்லி உயர்நீதிமன்றம் 2017 மே மாதம் உத்தரவிட்டது. விமானத்தின் தயாரிப்புக் குறைபாட்டால், படைப்பணிக்கு இயல்பான அபாயத்தையும் மீறிய அபாயத்துக்கு அவர் ஆளாக்கப்பட்டார் என்பதே தீர்ப்பின் சாரம். ஆபத்தை ஏற்பது வீரனின் கடமை என்ற வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அது பதிவு செய்தது.

இருபதாண்டு ஒப்பந்தப் புள்ளி: சேட்டக், சீட்டா ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாக 197 இலகு ரக ஹெலிகாப்டர்கள் வாங்கும் முயற்சி 2007 டிசம்பரில், ஏறக்குறைய முடியும் தறுவாயில் ரத்து செய்யப்பட்டது. மீண்டும் ஒப்பந்தப் புள்ளி கோரப்பட்டது; 2014 ஆகஸ்டில் அதுவும் ரத்தானது. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பரேலியில் சீட்டா விழுந்து மூன்று ராணுவ அதிகாரிகள் உயிரிழந்ததும், படை அதிகாரிகளின் மனைவியர் சிலர் ஒன்றுதிரண்டு, இந்த ஹெலிகாப்டர்களைக் கைவிட வேண்டுமென்று பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரிடம் முறையிட்டனர். கணவருக்கு உயரதிகாரியிடம் பேச உரிமையில்லாத விஷயத்தை மனைவி அமைச்சரிடம் பேசினார் என்பது இந்த விவகாரத்தில் மிகவும் கவனிக்கத்தக்க திருப்பம்.

2015-இல் ரஷியாவின் காமோவ்-226டி ரகத்தில் 200 ஹெலிகாப்டர்களைக் கூட்டாகத் தயாரிக்க உடன்பாடு ஏற்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. எச்ஏஎல் உருவாக்கிய இலகு ரக ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முறையாகப் பறந்தது. அதைத் தயாரிப்பதற்கான தும்கூர் தொழிற்சாலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி தொடங்கிவைத்தார். அடுத்த மாதம், மார்ச் 16-ஆம் தேதி, அருணாசலப் பிரதேசத்தின் மண்டலா அருகே சீட்டா ஹெலிகாப்டர் விழுந்து இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தனர். ஒருவர் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த இளம் மேஜர்.

கடற்படையின் கதையும் மாறுபட்டதல்ல. சேட்டக்குக்குப் பதிலாக 111 ஹெலிகாப்டர்களை ரூ.21 ஆயிரம் கோடிக்கும் அதிகமான செலவில் பெறுவதற்குப் பாதுகாப்புக் கொள்முதல் குழு 2018 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 2023 நவம்பர் 4-ஆம் தேதி, கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா தளத்தின் ஓடுபாதையில் பராமரிப்புச் சோதனையில் இருந்த சேட்டக் விபத்துக்குள்ளாகி மாலுமி ஒருவர் உயிரிழந்தார்.

2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் மீண்டும் தகவல் கோரும் அறிவிக்கையை வெளியிட்டது. ராணுவத்துக்கு 120, விமானப் படைக்கு 80 என மொத்தம் 200 ஹெலிகாப்டர்கள் தேவை. நோக்கம், சேட்டக்கையும் சீட்டாவையும் மாற்றுவது. கொள்முதல் நடைமுறையில் இது முதல் படி. இதன் பின்னர் ஒப்பந்தப் புள்ளி, களச் சோதனை, விலைப் பேச்சு, அமைச்சரவைக் குழு ஒப்புதல் ஆகியவை வர வேண்டும்.